திங்கட்கிழமை மட்டும் நன்றாக வந்த காபி

அருண்,

“நான் போகட்டுமா, இருக்கட்டுமா?” என்று நேற்று காலை வாசலில் நின்று, பையைத் தோளில் மாட்டியபடி கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்றும் இல்லை, இன்று சனிக்கிழமை மத்தியானம் இதை எழுத உட்கார்ந்திருக்கும்போதும் இல்லை. உன்னைப் பஸ் ஏற்றிவிட ரியாஸ் பைக்கை அணைக்காமல் தெருவில் காத்திருந்தான். “உன் இஷ்டம்டா” என்றேன். அது ஒரு பதில் ஆகாது என்பது உனக்கும் தெரியும். நம் வீட்டில் யாரும் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சொல்கிற வார்த்தை அது. பத்தாம் வகுப்பு முடிந்து எந்தக் குரூப் எடுப்பது என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். நீ பக்கத்து பெஞ்சுக்காரன் எடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தாய். வேதியியல் நடத்துகிறவள் வீட்டுப் பிள்ளை அம்மாவைக் கேட்காமல் பக்கத்து பெஞ்சைக் கேட்டான் என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

நாளை பௌர்ணமி, கிரிவலம். இப்போதே வேலூர் ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஊருக்குள் போகின்றன. ஹாரன் சத்தம் தாங்காமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். வெக்கை தாங்காமல் திரும்ப எழுந்து திறக்கிறேன். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த வரிகள். நீ ஏற்காட்டில் ஏதோ ஒரு தோட்டத்தில் வறுத்த காபிக்கொட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருப்பாய். வாங்கி வரும் மூட்டையைப் பிரிப்பாயா என்று உனக்கே தெரியாது. ரியாஸின் அப்பா செங்கம் ரோட்டில் தன் மாவு மில்லை ஒட்டிய கோடவுனின் முன்பாதியை உங்கள் இருவருக்கும் காபிக் கடை வைக்கக் காலி செய்து கொடுத்துவிட்டார். வெள்ளை அடித்தாகிவிட்டது, மேஜை வந்துவிட்டது, ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் பெங்களூரில் இயந்திரப் பாகங்கள் வடிவமைக்கும் கம்பெனி ஒன்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போகலாம் என்று நினைப்பதற்கு நீ ஒரே ஒரு காரணம்தான் சொன்னாய். “கை நிக்கலம்மா. ஒரே காபி ரெண்டு நாள் ஒரே மாதிரி வரமாட்டேங்குது. அது தெரியாதவன் எதுக்குக் கடை வெக்கணும்?” நான் தலையசைத்தேன். நியாயமான காரணம். ஒரு சோதனையை அதே மாதிரி திரும்பச் செய்தால் அதே விடை வரவேண்டும். வராவிட்டால் செய்கிறவனுக்கு வேலை தெரியவில்லை, அல்லது அவனுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது. மாணவர்களிடம் வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன். அந்த இரண்டாவது பாதியை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் இன்று காலையிலிருந்து என்னை உட்காரவிடவில்லை.

உன் கை கிரைண்டர் கூரியரில் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? கிரைண்டர் வருகிறது என்று நீ சொன்னதும், உன் அப்பா சமையல் மேடையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி, மாவாட்டுகிற கிரைண்டருக்கு இடம் பண்ணி வைத்தார். பெட்டியைப் பிரித்தால் தண்ணீர் டம்ளர் உயரத்துக்கு ஒரு உருளை. மேலே ஒரு கைப்பிடி. “இதுல எத்தன பேருக்குடா மாவாட்ட முடியும்?” என்று கேட்டார். நீ சிரிக்காமல் கொட்டையைப் போட்டுச் சுற்றி, கண்ணாடிக் குடுவையின் மேல் காகிதக் கூம்பை வைத்து, பொடியைக் கொட்டி, மெல்லிய மூக்கு வைத்த கெட்டிலிலிருந்து வெந்நீரை வட்டமாக ஊற்றினாய். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுல பால் எப்ப ஊத்துவ?” என்றார். நான் அதற்கும் மேலே போனேன். “காபி வாசனை அடிக்கிற வெந்நீர்” என்றேன். உன் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு நீ எங்களுக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டாய். தினமும் காலையில் தனியாகப் போட்டு, தனியாகக் குடித்து, கூம்பைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆசிரமத்துப் பக்கம் நீ வேலை பார்க்கிற கஃபேக்குக் கிளம்பிவிடுவாய்.

உனக்குத் தெரியாத பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. ஒரு நாள் கல்லூரியிலிருந்து தலைவலியோடு வந்தேன். பால் திரிந்துபோயிருந்தது. அப்பா இன்னும் வரவில்லை. பாலில்லாமல் குடிக்கிற காபி என்று வீட்டில் இருந்தது உன்னுடையதுதான். உன் கொட்டையைத் தொடக்கூடாது என்று நம் டப்பாவிலிருந்த ஃபில்டர் காபிப் பொடியை எடுத்து உன் காகிதக் கூம்பில் போட்டு வெந்நீரை ஊற்றினேன். தண்ணீர் இறங்கவே இல்லை. அடைத்துக்கொண்ட சிங்க் மாதிரி அப்படியே நின்றது. கடைசியில் சொட்டுச் சொட்டாக வந்ததை வாயில் வைத்தால் வேப்பிலை. நம் பித்தளை ஃபில்டரில் பொடி ஏறக்குறைய கோலமாவு அளவுக்கு நைஸாக இருந்தாலும் பரவாயில்லை. டிகாஷன் மெதுவாக இறங்கும், சிக்கரி இருக்கும், பாலும் சர்க்கரையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கூம்பில் அந்த உதவியெல்லாம் கிடையாது. பொடி நைஸாக இருந்தால் தண்ணீர் நின்று நின்று இறங்கும், வரக்கூடாததையும் இழுத்துக்கொண்டு வரும். அன்றைக்கு எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. உன் கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து உன் கிரைண்டரில் சுற்றினேன். பொடி கோதுமை ரவை மாதிரி விழுந்தது. ஊற்றிய தண்ணீர் மளமளவென்று ஓடிவிட்டது. குடித்தால் புளிப்பு, சாரமில்லை.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லைத் துண்டாகவும் பொடியாகவும் அமிலத்தில் போட்டுக் காட்டுவேன். துண்டு மெதுவாகக் குமிழ் விடும். பொடி பொங்கி வழியும். பரப்பு கூடினால் வேகம் கூடும். காபியில் முதலில் கரைந்து வருவது புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் கசப்பு. கல் உப்பு மாதிரி உடைத்தால் புளிப்போடு நின்றுவிடும். மாவாக அரைத்தால் கசப்புவரை போய்விடும். நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டும். கிரைண்டரின் உள்ளே அடியில் ஒரு திருகு இருக்கிறது என்று கண்டுபிடித்து, ‘டிக்’ ‘டிக்’கென்று கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன். அடுத்த கோப்பை வெள்ளை ரவையைவிடச் சற்றுப் பெரிய பொடியில் வந்தது. அதைச் சமையலறையிலேயே நின்று குடித்து முடித்தேன். தலைவலி போனதா என்று நினைவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, கூம்பைப் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பையின் அடியில் தள்ளினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், நீங்கள் இருவரும் வருவதற்கு முன்னால், ஒரு கோப்பை. வெந்நீர் என்று நக்கலடித்த பிறகு, எனக்கும் ஒன்று போடு என்று உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் தேடாதே. கொட்டை குறைவதை நீ ரியாஸின் தலையில் போட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் பொடி கொரகொரப்பாக விழும். ஒவ்வொரு சாயங்காலமும் திருகைக் கொஞ்சம் நைஸ் பக்கம் திருப்புவேன். திரும்பப் பழைய இடத்துக்கு வைத்ததில்லை. தராசில் எடை போடுகிற எவரும் முதலில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்கள். நீயும் காலையில் திருகை முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறந்து, உன் அளவுக்கு வைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அப்படி நீ செய்யவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. வெந்நீர் என்று சிரித்தவர்கள் இருக்கிற வீட்டில் உன் கிரைண்டரை யார் தொடப்போகிறார்கள்?

போன வாரம் கேழ்வரகு அரைக்க மில்லுக்கு வந்தேனே, அன்று நீ கோடவுன் படியில் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்லாவில் ரியாஸின் அம்மா. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க டீச்சரம்மா. உங்க புள்ள மூஞ்சப் பாருங்க. காபி கசந்துடுச்சாம். பொண்ணு ஏமாத்திட்டுப் போன மாதிரி குந்தினு கீறான்.”

“தினமும் கொரகொரப்பாக்கிட்டே போறேன் அம்மா, இருந்தும் மறுநா கசக்குது” என்றாய் அவரிடம். “தண்ணி கேன மாத்திட்டேன். கொட்டைய மாத்திட்டேன். கெட்டில்கூட மாத்திட்டேன்.”

“கிரைண்டர் பல்லு தேஞ்சிருக்கும்னு நம்ம மில்லு மெக்கானிக்கிட்ட கழட்டிக் காட்டினோம். புதுசாத்தான் கீதுன்னுட்டான்” என்றான் ரியாஸ். “ஆனா ஒரு விஷயம்மா, திங்கக்கெழம மட்டும் சூப்பரா வருதாம்.”

“அது சிவனுக்கு ஒகந்த நாளாச்சே! பேசாம வாரத்துல ஒரு நா கடையத் தொறங்க. மிச்ச நாள் அதுல நான் மூட்டைய அடுக்கிக்கிறேன்” என்றார் ரியாஸின் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். நீகூடச் சிரித்தாய். நான்தான் வாத்தியார்த்தனமாக, கிழமைக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம், நாலு தடவை நடந்தால் அது தற்செயல் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இந்த ஊரில் எது நடந்தாலும் மலை பண்ணியது என்று சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு எரிச்சல் சேர்ந்துபோயிருக்கிறது. கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த எரிச்சல்தான் பேசியது. ஏன் திங்கட்கிழமை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் வழக்கம்போல் திருகைத் திருப்பிப் போட்டுக் குடித்தேன். நீ ஊரில் இல்லை. இன்று காலை, கல்லூரி விடுமுறை, அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார், இன்னொரு கோப்பை போட்டேன். திருகைத் தொடாமலேயே நேற்றைய காபி அப்படியே வந்தது. எத்தனை நல்ல கிரைண்டர் என்று பாராட்டிக்கொண்டே பாதி குடித்துவிட்டேன். அப்புறம்தான் கை நின்றது. மற்ற நாட்களில் ஏன் என் திருகு நான் விட்ட இடத்தில் இருப்பதில்லை? நீ காலையில் கசக்கிறது என்று கொரகொரப்பாக்கியிருக்கிறாய். நான் சாயங்காலம் புளிக்கிறது என்று நைஸாக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கும் அப்பாவுக்கும் விடுமுறை, அன்று நான் குடிப்பதில்லை. நீ ஞாயிறு காலையில் சரிசெய்து வைத்தது மறுநாள் காலைவரை அப்படியே இருக்கும். திங்கட்கிழமையின் மகிமை அதுதான். அடுப்படியில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும், நேற்று நீ வாசலில் சொன்னது நினைவுக்கு வந்தது. கை நிக்கலம்மா.

உன் கை நின்றுகொண்டுதான் இருந்தது அருண். உன் நாக்கும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் கசப்பு என்று கண்டுபிடித்தாய், எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பினாய். இரண்டு பேர் ஒரே திருகைச் சொல்லாமல் கொள்ளாமல் எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தால் எந்தக் கொட்டையும் எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்ய முடியாது. இது நம் வீட்டுக்குப் புதிதும் இல்லை. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உனக்குச் சளி பிடிக்கும் என்று நான் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டுப் போவேன். அப்பா வந்து நாலில் வைப்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் திரும்ப இரண்டு. இதைப் பற்றி நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரெகுலேட்டர்தான் இரண்டு தடவை போனது.

அப்பா காய்கறிப் பையோடு வந்ததும் சொல்லிவிட்டேன். கத்திரிக்காயைத் தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“இப்ப இதப் போயி அவன்கிட்ட சொல்லணுமா?”

“சொல்லாம?”

“நீ சொன்னா இருந்துடுவான். நாளைக்குக் கடை ஓடலைன்னா உன்னத்தான் சொல்லுவான். சொல்லலைன்னா பெங்களூரு போறான், நல்ல வேலை. யாருக்குத் தெரியப்போவுது?”

நான் ஒரு சொத்தைக் கத்திரிக்காயைப் பொறுக்கித் தனியே வைத்தேன். அவர், “அது சரி, நீ எப்பத்திலேர்ந்து அந்த வெந்நீரக் குடிக்க ஆரம்பிச்ச? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு” என்றார். அவருக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.

அப்பா சொன்னதை நான் காலையிலேயே நினைத்துவிட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பெங்களூருக்குப் போவதைத்தான் நான் விரும்புகிறேன், அல்லது விரும்புவதாக இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அந்த ரோட்டில் ஒரு சீசனுக்குத் திறந்து அடுத்த சீசனுக்குள் மூடிய கஃபேக்களை நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றால் உன் காகிதக் கூம்புக் காபியை நம்மூர்க்காரர் யார் குடிப்பார்? இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லாமல் “உன் இஷ்டம்” என்றேன். இப்போது நான் சும்மா இருந்தாலே போதும், நான் விரும்பியது நடந்துவிடும். உனக்குக் கை நிற்காது என்ற எண்ணத்தோடு நீ பஸ் ஏறுவாய். பெங்களூரில் ஒரு நாள் வேறு ஏதாவது ஒன்று சரியாக வராதபோதும் முதலில் உன் கையைத்தான் சந்தேகிப்பாய். ஜன்னலைச் சாத்திவிட்டு, திறந்துவிட்டு, மூன்று முறை அடுப்படிக்குப் போய் வந்துவிட்டேன். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ போவதா இருப்பதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீர், கொட்டை, கெட்டில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினாயே, அதில் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கசந்தால் கொரகொரப்பு, புளித்தால் நைஸ். அதற்கு மேல் நீ எனக்குச் சொல்லித்தருகிற இடத்தில் இருக்கிறாய். சூடாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதே, ஆறவிட்டுக் குடித்துப் பார், ஒளிந்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கூட ஒருவரோடு கடை வைத்தாலும், ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வீடு வைத்தாலும், கை வைக்கப்போவதைச் சொல்லிவிட்டுக் கை வை. சரியாகச் செய்வதைவிட அது கஷ்டமாக இருக்கும். நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு இன்னும் கஷ்டம்.

ஞாயிறு, இரவுச் சமையலுக்கு முன்:

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன்.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியே செங்கம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மூட்டையை மில்லில் இறக்கிவிட்டு, ஆட்டோ கிடைக்காமல், கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து வேங்கிக்கால்வரை நடந்தே வந்திருக்கிறாய். நீ ஷூவைக் கழற்றக் குனிந்தபோதே சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

ஒரு ஷூவோடு நின்றாய். “நீ குடிச்சியா?”

“ஆமா.”

“வெந்நீர்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கெழம தவிர.”

நீ கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை வந்து சேர்ந்த இடத்தில் உன் கண் மாறியது. நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “எவ்ளோ நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்டினாய். கிரைண்டரைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா சாப்பிடக் கூப்பிட்டதற்கும் பதில் சொல்லாமல், அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அப்பா என்னைப் பார்த்தார். ஃபேனை ஒன்று கூட்டி வைத்துவிட்டு, “கூட்டிக்கிறேன்” என்றார்.

சாயங்காலம் ரியாஸின் அம்மா போன் செய்தார். பின்னால் கிரைண்டர் சுற்றுகிற சத்தம் கேட்டது. “டீச்சரம்மா, மத்தியானத்துலேர்ந்து ஒரே காபியத் திரும்பத் திரும்ப போட்டு எங்க எல்லார் வாயிலயும் ஊத்திட்டான். எல்லாம் ஒண்ணாத்தான் கீது, எனக்குத்தான் தூக்கம் போச்சு. பெங்களூருக்கு வரலன்னு இப்பதான் மெயில் அனுப்பிச்சான். என் கோடவுன் போச்சு போங்க!” என்றார். நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துச் செய்தானா என்று கேட்கவும் வாயெடுத்தேன். இரண்டையும் சொல்லாமல், சாப்பிட்டானா என்று கேட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் வந்தாய். மேஜைமேல் ஒரு பழைய பிளாஸ்டிக் கிரைண்டரை வைத்தாய். நீயும் ரியாஸும் முதன்முதலில் வாங்கி, சரியில்லை என்று ஒதுக்கியது என்றாய். “இது உன்னுது. என்னோடதத் தொடாத.” உன் குரலில் கோபம் இன்னும் இருந்தது. கொட்டையும் நீயே எடுத்துக் கொடுத்தாய், ஏற்காட்டு மூட்டையிலிருந்து. நான் சுற்றினேன். பாதி மாவாகவும் பாதி உடைத்த கடலையாகவும் விழுந்தது. நீ பார்த்துக்கொண்டே நிற்க, முதல் தடவையாக உன் முன்னால் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். முன் நாக்கில் புளிப்பு, தொண்டையில் கசப்பு, இரண்டும் ஒன்றாக.

“எப்டி கீது?” என்றாய்.

“நல்லால்ல” என்றேன். “பெங்களூரு விஷயத்துல ஒரு நாள் பொறுத்திருக்கலாம்னு தோணுது. கடைய நெனச்சா எனக்கு பயமா இருக்கு.”

நீ என் கையிலிருந்து கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாய். முகத்தைச் சுளித்தாய்.

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.